மெஸ் ஹால் மேலவை

நான் அரசியல் அறிவியல் படித்தவள் என்பது ஒரகடம் கம்பெனியில் யாருக்கும் தேவைப்படாத செய்தி. எலக்ட்ரானிக் போர்டைக் கையில் எடுத்து, லென்ஸுக்குக் கீழே வைத்து, ஈயம் ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை. எங்கள் லைனிலேயே கணிதம் படித்தவள் இருந்தாள், வரலாறு படித்தவள் இருந்தாள். எல்லோருக்கும் ஒரே நீலக் கோட்டு, ஒரே தொப்பி. வேலைக்கு எடுக்கும்போது கேட்டது கண் பார்வையும் எடையும் மட்டும்தான்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மெஸ் ஹாலில் எச்.ஆர். சார் மைக்கைப் பிடித்து, "நம்ம ஹாஸ்டல்ல ஒரு கமிட்டி வரப்போகுது, நம்ம நாட்டு மாநிலங்களவை மாதிரி" என்று சொன்னபோது, அத்தனை பெண்களில் நிமிர்ந்து உட்கார்ந்தது நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். மற்றவர்கள் அப்பளம் தீர்ந்துவிடுமோ என்று கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கமிட்டி வந்ததற்குக் காரணம் தண்ணீர். சென்னைக்கே தண்ணீர் கொடுக்கும் செம்பரம்பாக்கம் ஏரி எங்களுக்கு அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் எங்கள் ஹாஸ்டலுக்கு லாரி வந்தால்தான் குளியல். லாரி வராத ஒரு ஞாயிறு, எல்லோரும் பக்கெட்டோடு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் கூட இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்துக் கம்பெனி பயந்துவிட்டது. இனிமேல் எதுவாக இருந்தாலும் முறையாகப் பேச ஒரு கமிட்டி என்று முடிவானது.

அதற்கு விதிமுறை எழுதியவர் எச்.ஆர். சார். ஸ்ரீபெரும்புதூர்க்காரர், கோயில் கைங்கரியக் குடும்பம். ஞாயிறு கூட்டத்துக்குக் கோயிலிலிருந்து நேராக வந்தால் நெற்றியில் திருமண் பாதி அழிந்து இருக்கும். ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் பல வருடம் படித்து, நேர்காணல் வரை போய்த் திரும்பியவர். படித்ததை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே, எங்கள் தலையில் இறக்கினார். கெட்டவர் இல்லை. யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் மறந்துவிடும்.

அவருடைய கணக்கு இப்படி. வாரம் ஒருமுறை கம்பெனி மேலாளர், ஹாஸ்டல் கான்ட்ராக்டர், இவர் எல்லோரும் உட்கார்ந்து ஹாஸ்டல் விஷயங்களை முடிவு செய்வார்கள். அது கீழவை. அங்கிருந்து வரும் விதியை நாங்கள் மறுபடி ஒருமுறை பார்த்துச் சொல்வோம். நாங்கள் மேலவை. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதுதான் கீழவை, இங்கே அதில் மக்களே இல்லையே என்று எனக்கு வாய் வரை வந்தது. பக்கத்தில் இருந்தவளிடம் மட்டும் சொன்னேன். அவள் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, "பேசாமத் தின்னுட்டி" என்றாள்.

பக்கத்தில் இருந்தவள் என் அறைத்தோழி. தென்காசிப் பக்கம், பீடி சுற்றும் ஊர். அவளுக்கு வேலை பேக்கிங்கில். நான் விருதுநகர்ப் பக்கம். இரண்டு பேரும் ஒரே நாளில் பஸ் ஏறி வந்தவர்கள் இல்லை, ஆனால் ஒரே அறையில் போய் விழுந்தோம். அவள் என்னைக் கூப்பிடுவது "ஏட்டி". எனக்கு அந்தச் சொல் முதலில் பிடிக்கவில்லை, பிறகு அது இல்லாமல் யாராவது கூப்பிட்டால் என்னைத்தானா என்று சந்தேகம் வர ஆரம்பித்தது.

மாநிலங்களவைக்கு உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்பார்கள். எங்களிடமும் அப்படித்தான். அறைக்கு ஒரு தலைவி, ஒரு மாடியில் இருக்கும் தலைவிகள் எல்லோரும் சேர்ந்து மாடிக்கு இரண்டு பேர். மாநிலத்துக்குப் பதில் மாடி. மூன்றாம் மாடி முழுக்க ஒடிசாப் பெண்கள், அவர்களுடைய பிரதிநிதிக்குத் தமிழில் தெரிந்தது "அக்கா", "தண்ணி", "வேணாம்". மேலவைக்குப் போட்டியிட முப்பது வயது ஆகியிருக்க வேண்டும் என்பதை மட்டும் சார் விட்டுவிட்டார். முப்பது ஆனவளை இங்கே வேலைக்கே எடுப்பதில்லை.

நியமன உறுப்பினர்களும் உண்டு. கலை, இலக்கியம், அறிவியல், சமூக சேவை என்று சிறந்து விளங்குகிறவர்களைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். எங்களுக்கு வார்டன் அக்காவும் நர்ஸும். நர்ஸ் அறிவியல் என்று வைத்துக்கொள்ளலாம். வார்டன் அக்கா மணிமங்கலத்துக்காரர். மார்கழியில் கேட்டுக்கு வெளியே பெரிய பெரிய கோலம் போடுவார், அதனால் கலை என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். கூட்டத்துக்குத் தலைமை எச்.ஆர். சார். குடியரசுத் துணைத் தலைவர் மாதிரி. அவையில் உறுப்பினர் இல்லை, ஓட்டும் இல்லை, இரண்டு பக்கமும் சமமாக விழுந்தால் மட்டும் ஒரு ஓட்டு.

எங்கள் மாடியில் என் பெயரைச் சொன்னது அறைத்தோழிதான். "இவ படிச்சதே அதைத்தான். வேற ஒண்ணுத்துக்கும் ஆவ மாட்டா" என்றாள். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். ரகசிய வாக்கெடுப்பு வேண்டாமா என்று கேட்டேன். எதற்கு ஒளிக்க வேண்டும் என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். டெல்லியிலும் மேலவைத் தேர்தலில் எம்.எல்.ஏ. தன் ஓட்டைக் கட்சி ஏஜெண்டிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். அதனால் நானும் சும்மா இருந்துவிட்டேன்.

மாநிலங்களவை கலைவதே இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்குப் பேர் ஓய்வு பெறுவார்கள், புதியவர்கள் வருவார்கள், அவை மட்டும் அப்படியே இருக்கும். கல்லூரியில் படித்தபோது இது என்னவோ பெரிய தத்துவம் போல இருந்தது. ஹாஸ்டலில் பார்த்தபோது அப்படியொன்றும் தோன்றவில்லை. டிரெய்னி என்று எடுப்பார்கள், ஒரு வருடம். நான்கு மாதத்துக்கு ஒரு பேட்ச் முடிந்து பெட்டியைத் தூக்கும், அடுத்த பேட்ச் அதே கட்டிலில் வந்து படுக்கும். கமிட்டியிலும் அவர்களோடு சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு போய்விடும். போகிறவர்களுக்கு சார் சமோசா வாங்கி வந்து பிரிவுரை நிகழ்த்துவார். தண்ணீரைப் பற்றி நாங்கள் முதல் கூட்டத்தில் பேசியதைத் தெரிந்தவர்கள் மூன்றாவது பேட்ச் வரும்போது யாரும் இருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் சொன்னது என் அறைத்தோழியைப் பற்றிச் சொல்வதற்காகத்தான்.

ஒருநாள் மதியம் கேன்டீன் வரிசையில், தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவள் சரிந்து விழுந்தாள். வலிப்பு. நர்ஸ் ஓடி வந்து ஒருக்களித்துப் படுக்க வைத்தார். நான் அவளுடைய தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வேறு எதுவும் செய்ததாக நினைவில்லை. சீக்கிரமே கண்ணைத் திறந்து, சுற்றி நின்ற கால்களைப் பார்த்து, "சாம்பாரு யாரு மேலயாவது பட்டுட்டா?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். விடாமல் போட வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும், ஓடுகிற மெஷின் பக்கம் நிற்கக் கூடாது, உட்கார்ந்து செய்கிற வேலை செய்யலாம் என்றார். அவள் வேலையே உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டுவது. மறுவாரம் லைனுக்குப் போய்விட்டாள். சூப்பர்வைசர் கூட ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு கீழவையிலிருந்து ஒரு புதிய விதி எங்களிடம் வந்தது. தொடர்ந்து மருத்துவக் கவனிப்பு தேவைப்படுகிறவர்கள் பாதுகாப்பு கருதி விடுதியில் தங்க இயலாது. ஒரே வாக்கியம். யார் பெயரும் இல்லை. ஆனால் சார் அதை வாசித்தபோது மூன்றாம் மாடி ஒடிசாப் பெண் கூட என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கட்டில் போனால் வேலை போன மாதிரிதான். கம்பெனி பஸ் ஹாஸ்டல் வாசலில் இருந்துதான் கிளம்பும், வெளியே அறை எடுத்துத் தங்குகிற டிரெய்னியை லைனில் வைத்துக்கொள்வதில்லை. அவளுக்கு டிரெய்னி வருடம் முடிய ஐந்து மாதம் இருந்தது. முடித்தால் சான்றிதழ் கிடைக்கும். அது கையில் இருந்தால் ஸ்ரீபெரும்புதூரோ இருங்காட்டுக்கோட்டையோ எங்கே வேண்டுமானாலும் ஆபரேட்டராகச் சேரலாம். நடுவில் போனால் வந்ததற்கு அடையாளம் கூட இருக்காது.

"அஞ்சு மாசம் கெடச்சாப் போதும்ட்டி," என்றாள் அன்றைக்குச் சாயங்காலம், மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டே. "அதுக்கு அப்புறம் அவனுவ என்னமும் செய்யட்டும். இப்பப் போனா மறுபடி பீடித் தட்டுதான். எங்கம்ம ஒண்ணும் கேக்க மாட்டா, தட்ட எடுத்து மடியில வச்சிருவா."

எனக்கு ஒரு யோசனை வந்தது. அப்போது அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

மேலவைக்கு உள்ள ஒரே பலம் தாமதம். கீழவை அனுப்பிய மசோதாவை அது எதிர்த்துத் திருப்பி அனுப்பினால், கடைசியில் இரண்டு அவையும் சேர்ந்து உட்கார்ந்து ஓட்டுப் போடும், தலை எண்ணிக்கையில் கீழவைதான் ஜெயிக்கும். ஆனால் மேலவை ஒன்றும் சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தால் ஆறு மாதம் வரை கீழவையால் அடுத்த அடி வைக்க முடியாது. சாரின் விதிமுறையிலும் அதே ஆறு மாதம்தான். எங்களுக்கு வேண்டியது ஐந்து.

கமிட்டிப் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பிடித்துச் சொன்னேன். எதிர்த்துப் பேசாதீர்கள். ஆதரித்தும் பேசாதீர்கள். எதிர்த்தால் அடுத்த வாரமே கூட்டுக் கூட்டம் போட்டு முடித்துவிடுவார்கள். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அவளுக்கு நாம் செய்கிற உதவி. சிலருக்குப் புரிந்தது, சிலருக்குப் பேசாமல் இருப்பது எப்படியும் சௌகரியமாக இருந்தது. ஒடிசாப் பெண்ணிடம் கையால் வாயைப் பொத்திக் காட்டினேன். அவள் "வேணாம்?" என்றாள். அந்த வார்த்தையைக் கூடச் சொல்லாதே என்றேன்.

அடுத்த ஞாயிறு சார் கேட்டார், "அந்த மருத்துவ விதி பத்தி யாராவது கருத்து சொல்றீங்களா?"

யாரும் சொல்லவில்லை.

"ஆட்சேபம் எதுவும் இருக்கா?"

நான் என் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பேசிட்டு இருக்கோம் சார்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்து தயிர் புளிப்பதைப் பற்றிக் கேட்டார். தயிரைப் பற்றி எல்லோரும் பேசினார்கள்.

வெளியே வரும்போது வார்டன் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இன்னாம்மா, அந்தப் பொண்ணு உன் ரூம்ல தானே கீது? ஒரு வார்த்த சொல்லாம குந்திகினு இருந்தா இன்னா அர்த்தம்?"

"அக்கா, அது ஒரு முறை. உங்களுக்கு அப்புறம் சொல்றேன்."

"இன்னா முறையோ. எனுக்கு ஒண்ணும் பிரியல." அவர் பாத்திரம் எண்ணப் போய்விட்டார். அவரும் கமிட்டியில் உறுப்பினர்தான், அவரும் பேசியிருக்கலாம். நியமன உறுப்பினர்கள் வழக்கமாகப் பேச மாட்டார்கள்.

அந்த நாட்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள். மாத்திரை போட்டதும் வாயைத் திறந்து, விழுங்கியாயிற்று என்று எனக்குக் காட்டுவாள். ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் ஸ்ரீபெரும்புதூர் போய், கோயில் பக்கம் கூட்டத்தில் சும்மா சுற்றி, ஒரு ஜோடி செருப்பு வாங்கிக்கொண்டு வந்தோம். அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எனக்கும்தான். அரசியல் அறிவியல் முதல்முறையாக ஒரு காரியத்துக்கு உதவுகிறது என்று கர்வமாகக் கூட இருந்தது.

அதற்கடுத்த கூட்டத்தில் சார் வேறு எதையோ பேசிவிட்டு, சாதாரணமாகச் சொன்னார், "மருத்துவ விதி அமலுக்கு வந்துருச்சு. சம்பந்தப்பட்டவங்க இந்த வாரத்துக்குள்ள அறையைக் காலி பண்ணணும்."

நான் எழுந்து நின்றேன். "சார், அது இன்னும் எங்ககிட்ட நிலுவையில இருக்கு. ஆறு மாசம்."

"அது சாதாரண மசோதாவுக்கும்மா." அவர் என்னைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தார். பாடம் தெரிந்த ஒருத்தி கிடைத்துவிட்ட சிரிப்பு. "ஹாஸ்டல் கட்டில் ஒவ்வொண்ணுக்கும் கம்பெனி கான்ட்ராக்டருக்குப் பணம் கட்டுது இல்லையா? அப்போ இது செலவு சம்பந்தப்பட்டது. நிதி மசோதா. நிதி மசோதாவா இல்லையான்னு முடிவு பண்றது யாரு?"

எனக்குத் தெரியும். கீழவையின் சபாநாயகர், இங்கே மேனேஜர். அவர் முடிவே இறுதி. ஐந்து மதிப்பெண் கேள்வி.

"நிதி மசோதா வந்தா மேலவை எத்தனை நாள்ல பரிந்துரையோட திருப்பி அனுப்பணும்?"

அதுவும் தெரியும். பதினான்கு நாள்.

"அனுப்பலேன்னா?"

அவரே சொன்னார், "ரெண்டு அவையிலும் நிறைவேறியதா ஆயிடும். நான் ரெண்டு வாரமா கேட்டேனேம்மா. நீங்க யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து, இந்தப் பொண்ணை மட்டும் அஞ்சு மாசம் விடுங்க சார்னு ஒரு பரிந்துரை கொடுத்திருந்தீங்கன்னா, நானே எடுத்துப் போய் மேனேஜர்கிட்ட பேசியிருப்பேன். ஒருத்தருமே பேசலை. அப்போ கமிட்டிக்கு இதுல சம்மதம்னுதானே அவர் எடுத்துப்பார்?"

அவர் நிஜமாகவே பேசியிருப்பாரா, தெரியாது. ஒருவேளை பேசியிருப்பார். அதுதான் பிரச்சினை.

நான் உட்கார்ந்தேன். கோபம் வர வேண்டும் என்று எதிர்பார்த்தேன், அழுகையாவது வர வேண்டும். ஒன்றும் வரவில்லை. எட்டு மணி நேரம் லைனில் நின்றுவிட்டு வந்தால் பாதம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும், அந்த மாதிரி உடம்பு முழுக்க இருந்தது. அன்றைக்கு ஒரு பேட்ச் முடிகிற ஞாயிறு. ஓய்வு பெறுகிறவர்களுக்குச் சமோசா வந்தது. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.

அறையில் அவளிடம் சொன்னபோது அவள் என்னைத் திட்டவே இல்லை. "சரி விடு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நீங்க ஒண்ணுமே சொல்லலியா?" என்று கேட்டாள். சொல்லாமல் இருந்ததுதான் திட்டம் என்பது அவளுக்குத் தெரியும், முதல் நாளே விளக்கியிருந்தேன். ஆனாலும் கேட்டாள். நான் இல்லை என்றேன்.

வேலை நாளில் லீவு போட்டு அவளைக் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வரை கொண்டுபோய் விட்டேன். படப்பை வழியாகப் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றதில் பஸ் வெகுநேரம் நகரவில்லை. அவள் புதுச் செருப்பைப் போட்டிருந்தாள், கடித்திருக்கும் போல, கழற்றிக் கழற்றி மாட்டினாள். ஊர் பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "மாத்திர மறந்தா யாருட்டி ஞாபகப்படுத்துவா?" என்றாள். "நான் போன் பண்றேன்" என்றேன். முதல் வாரம் பண்ணினேன். பிறகு ஷிப்ட் மாறிவிட்டது.

நான் திரும்பி வந்தபோது அவள் கட்டிலில் கள்ளக்குறிச்சிப் பெண் ஒருத்தி உட்கார்ந்து மெத்தை உறை மாட்டிக்கொண்டிருந்தாள். "அக்கா, இங்க தண்ணி ஒழுங்கா வருமா?" என்று கேட்டாள். கமிட்டி இருக்கிறது, பேசலாம் என்றேன். என் பதவிக் காலம் இன்னும் மிச்சம் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் போனேன், உட்கார்ந்தேன், தயிரைப் பற்றிப் பேசினேன். ராஜினாமா செய்ய வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும் என்று இப்போது படுகிறது, அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவளே கூப்பிட்டாள். பின்னால் ரேடியோவும், கத்தரியால் இலை வெட்டுகிற சத்தமும் கேட்டன. வலிப்பு அதற்குப் பிறகு வரவேயில்லை என்றாள். எனக்குச் சான்றிதழ் வந்துவிட்டதா என்று கேட்டாள். வந்துவிட்டது என்றேன். நல்லது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அவசரமாகப் பேசினாள்.

"ஏட்டி, எங்கம்மகிட்டப் போன குடுக்கேன். அத்தன பொட்டப்புள்ளைவ இருந்து ஒருத்தி கூட வேண்டாம்னு சொல்லலியான்னு வந்த நாள்லருந்து கேட்டுட்டே இருந்தா. நீ எந்திரிச்சு நின்னு எனக்காவச் சண்ட போட்டன்னு சொல்லி வச்சிருக்கேன். மாத்திச் சொல்லிராத."

நான் எதுவும் சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது.

"தாயி, நல்லாருக்கியா?" என்றார் அவள் அம்மா. "எம்மவளுக்காவ அந்தப் பெரிய ஆபீசர்கிட்டயே பேசுனியாமே. இவ சொன்னா. யாரு பேசுவா அப்பிடி? என்ன தாயி சொன்ன அவருகிட்ட?"

கத்தரிச் சத்தம் நின்றிருந்தது. பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்தது.

"அவ எங்கயும் போக வேண்டாம் சார், எங்ககூடவே இருக்கட்டும்னு சொன்னேன்மா," என்றேன்.